மொட்டை நாலணா

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரைக்குப் போகும் பஸ்ஸில், மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளின் நாலணாவைக் கண்டக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நயா பைசா வந்து வருசமாச்சு ஆத்தா. இதுல ராசா தலையே தேஞ்சு போச்சு, செல்லாது. வேற காசு குடு, இல்லேன்னா எறங்கு."

"வேற காசு இல்லப்பு. எறங்குனா பூ வாடிப்போகும்."

என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்த நாலணா அதைவிட மொட்டை. நடந்தே போனால் எத்தனை மைல் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"எங் கல்யாணத்துல இந்த நாலணாவுக்குப் பந்தி பூராவுக்கும் வெஞ்சனம் வைக்கக் காய்கறி வாங்குனோம். இன்னைக்கு ஒரு டிக்கெட்டுக்கு ஆகாதோ?"

"அன்னைக்கு ராசாவுக்கு மூக்கு இருந்துச்சு ஆத்தா."

"ஏலே, செல்லாத காசு எப்படிடா தேயும்? அம்புட்டுக் கையும் வாங்குனதுலதேன் தேஞ்சுச்சு. செல்லாததுதேன் பெட்டிக்குள்ள பளபளன்னு கெடக்கும்!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். உடனே பத்துக் கைகள் நீண்டன. பத்திலும் மொட்டைக் காசு. முதல் கை என்னுடையது.

"ஏய்யா, ஒருத்தர்கிட்டயும் நல்ல காசே இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"அம்புட்டும் நல்ல காசுதேன் அப்பு," என்றார் பூக்கார அம்மாள். "உனக்கு இன்னைக்கு ராசயோகம்!"