மிச்சம் ரெண்டு தோட்டா

பாண்டிச்செல்வி: மோகன் அண்ணே, மெமரி கார்டை எடுத்து என் கையில கொடுங்க.

மோகன்: இன்னாம்மா, கேம் கடைக்குள்ள கால் வெச்சதும் வெக்காததுமா... அத மட்டும் யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறேன்ல? மூணு ஷிஃப்ட்டு பசங்க ஆடுன ஆட்டமும் அந்த ஒரு கார்டுலதான் கீது.

சுகப்பிரியா: ஏட்டி செல்வி, வா, ரூமுக்குப் போவோம். பயலுவ வார நேரம்.

பாண்டிச்செல்வி: இரு சுகா. கார்டைத் தர மாட்டீங்கன்னா நீங்களே மாட்டுங்க. பேய் ஆஸ்பத்திரி. என் ஆட்டம்.

மோகன்: அட, இன்னிக்கு இன்னா இவ்ளோ கோவம்? யூனிஃபார்ம் இல்ல, கையில ஃபைலு வேற... லீவா?

பாண்டிச்செல்வி: லீவுதான். மாட்டுங்க.

மோகன்: நாலு மணிக்குக் கரண்ட் கட்டு. இப்பவே மூணே முக்கா.

பாண்டிச்செல்வி: போதும்... ஆங், இதுதான். சுகா, மூலையில என்ன நம்பர்?

சுகப்பிரியா: ரெண்டு.

பாண்டிச்செல்வி: போன ஞாயித்துக்கிழமை நான் சேவ் பண்ணும்போது ஒம்பது தோட்டா. ஏழு எங்க அண்ணே?

மோகன்: சி ஷிஃப்ட்டுல எவனாச்சும்...

பாண்டிச்செல்வி: சி ஷிஃப்ட்டுக்காரன் ரெண்டாவது மாடிப் பூட்டையே தாண்டல. தாண்டணும்னா சுவத்துல உள்ள ஜப்பான் எழுத்தைப் படிக்கணும். இந்தக் கடையில அதைப் படிச்சது யாரு?

மோகன்: ...நீதான்.

பாண்டிச்செல்வி: அப்ப வெளிய போர்டுல என்ன எழுதியிருக்கு? 'கடைசி மாடி வரை போன ஒரே வீரன், மோகன்.'

சுகப்பிரியா: படம் வேற போட்டுருக்காவ. கூலிங்கிளாஸோட.

மோகன்: ஒரு வெளம்பரம்மா அது. ஆமா, நேத்து ஆடுனேன். கடைசி மாடியில வர்ற அந்தப் பேய் நர்ஸு மேல ஏழு தோட்டாவும் சுட்டேன், சாகவே மாட்டேன்றா. ஓடிப் பாத்தேன், புட்சிட்டா.

பாண்டிச்செல்வி: செத்தவரு எதுக்கு அண்ணே என் ஆட்டத்து மேலயே சேவ் பண்ணீங்க?

மோகன்: சாவறதுக்கு முன்னாடி பண்ணேன்... கை பட்டுச்சு.

பாண்டிச்செல்வி: கை பட்டுச்சு! எங்க கம்பெனி லைன்ல மெஷின் நின்னா ஸ்கிரீன்ல ஜப்பான் எழுத்துல காரணம் வரும். நான் படிச்சுச் சொன்னேன். "பி.எஸ்ஸி. முடிச்ச திமிரா? ஸ்க்ரூவை மட்டும் முறுக்கு"ன்னாரு சூப்பர்வைசர். மறுநாள் மீட்டிங்ல அதையே தான் கண்டுபிடிச்சதாச் சொல்லிக் கைத்தட்டு வாங்குனாரு. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான். படிச்சது நான், பேரு உங்க எல்லாருக்குமா?

மோகன்: கோச்சுக்காதம்மா. முதல்லேருந்து ஆடு, காசு வாணாம்.

பாண்டிச்செல்வி: எதுக்கு முதல்லேருந்து? இந்த ரெண்டை வச்சே முடிக்கேன். முடிச்சா என் பேரு. தள்ளி உக்காருங்க.

சுகப்பிரியா: ஐயோ... கதவைத் திறக்காதட்டி. உள்ள இருட்டு...

மோகன்: தோ, தோ, அந்தாண்ட நிக்கறா! ஓடு, ஓடு!

பாண்டிச்செல்வி: ஓடக் கூடாது.

மோகன்: இன்னாது?

பாண்டிச்செல்வி: இந்தக் கடைசி மாடிச் சுவத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? அவளுக்குக் கண்ணு தெரியாது. காது மட்டும் கேக்கும். நீங்க ஓடி ஓடியே செத்துருக்கீங்க.

சுகப்பிரியா: மூஞ்சியைத் திருப்புதா... செல்வி, திரும்பிட்டா!

பாண்டிச்செல்வி: கம்பெனிக்குள்ள தரையில போட்ட மஞ்சக் கோட்டு மேல எப்படி நடக்கச் சொல்லிக் கொடுத்தாங்க சுகா?

சுகப்பிரியா: கையை ஆட்டாம... மெதுவா... ஓடுனா மெமோ.

பாண்டிச்செல்வி: மூணு வருசமா அப்படித்தான் நடக்கேன். இந்த நடையில எனக்குப் பக்கத்துல எவனும் வர முடியாது.

மோகன்: பக்கத்துல வந்துட்டா... மூச்சுக்கூட வுடாத... சுடேம்மா!

பாண்டிச்செல்வி: சுடத்தான் போறேன். அவளை இல்ல. அந்தக் கோடியில கண்ணாடி ஜன்னல் இருக்குல்லா...

சுகப்பிரியா: எம்மா! என்ன சத்தம்!

மோகன்: போறா... ஜன்னலாண்ட போறா! வழி வுட்டுட்டாம்மா!

பாண்டிச்செல்வி: கத்தாதீங்க. அவளுக்குக் கேட்டாலும் கேட்டுரும்.

சுகப்பிரியா: மணி மூணு அம்பத்தேழு. கதவு பூட்டியிருக்குட்டி! சாவி?

பாண்டிச்செல்வி: சாவி எதுக்கு? இன்னொரு தோட்டா இருக்கே.

மோகன்: பூட்டு தெறிச்சிச்சு... ஐய, சத்தம் கேட்டு மறுபடி வர்றா!

பாண்டிச்செல்வி: வரட்டும். இப்ப ஓடலாம்.

சுகப்பிரியா: ஓடுட்டி... ஓடு... ஓடு... மொட்டை மாடி வெயிலு! வெளிய வந்துட்ட! செல்வி, வெளிய வந்துட்டட்டி!

மோகன்: அடங்கொப்புரானே... முடிஞ்சிச்சா? நாலு மாசமா எவனும் முடிக்காதத...

பாண்டிச்செல்வி: பேரு கேக்குது.

மோகன்: கடை பேரப் போடேன். மோகன்னு...

பாண்டிச்செல்வி: பா... ண்... டி...

சுகப்பிரியா: சீக்கிரம்ட்டி, மணி நாலு!

பாண்டிச்செல்வி: ...செ... ல்... வி. சேவ்.

சுகப்பிரியா: ஃபேன் நின்னுட்டு. கரண்ட் போயிட்டு!

மோகன்: சேவ் ஆச்சா?

பாண்டிச்செல்வி: ஆயிருச்சு. கிளம்பு சுகா.

மோகன்: ஏம்மா, இரும்மா, ஒரு நிமிஷம். ஒன்னு சொல்லணும்... இந்த கேம் டிஸ்க்க நம்ம கடையில வுட்டுட்டுப் போனாரே ஜப்பான்காரரு, வல்லக்கோட்டையாண்ட புதுக் கம்பெனியில கீறாரு. முந்தாநேத்து வந்தாரு. இத இவ்ளோ தூரம் ஆடுனது யாருன்னாரு. நான்தான்னு வாய வுட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை கம்பெனி ஆளுங்க நாலு பேரக் கூட்டிக்கினு வர்றாரு, நான் முடிக்கறதப் பாக்க.

சுகப்பிரியா: அதான் ஏழு தோட்டாவா!

மோகன்: நீ பின்னாடி நின்னு காதோரம் சொல்லிக்கினே இரும்மா. போர்டுல உன் பேரயும் கீழ சின்னதா எழுதிடறேன். ஆயுசுக்கும் காசு வாணாம். இன்னா சொல்ற?

பாண்டிச்செல்வி: அண்ணே, இன்னைக்குக் காலையில அவரு கம்பெனியிலதான் எனக்கு இன்டர்வியூ. இவ்வளவு ஜப்பான் பாஷை எங்க படிச்சன்னு கேட்டாரு. பாதி புஸ்தகத்துல, பாதி மோகன் கடையிலன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. உங்ககிட்ட அந்தக் கடைசி மாடிச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு ஜப்பான்ல கேட்டாராமே, நீங்க 'தேங்க்யூ சார்'னீங்களாம். எல்லாம் தெரிஞ்சுதான் நேரா இங்க வந்தேன். லைன்ல வேலையை விடுதேன்னு லெட்டர் கொடுத்தாச்சு, திங்கக்கிழமை மொழிபெயர்ப்பாளராச் சேருதேன். ஞாயித்துக்கிழமை வார நாலு பேர்ல ஒருத்தி நான். உங்க பின்னாடி நிக்க மாட்டேன், அவரு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருவேன். நீங்க ஆடுங்க. நீங்க சொல்லுததை ஒரு எழுத்து விடாம அவருக்குச் சொல்லுதேன். வாட்டி சுகா, ஷேர் ஆட்டோ வந்துட்டு.