கழிக்காமல் விட்ட தூரம்

ஸ்டான்லி: ...இப்ப நான் உம் புருசன் இல்ல, எக்ஸாமினர். ரெண்டு கருந்துளை ஒண்ணாச் சேருது. அதுக எப்படிப் பொறந்துச்சுன்னு என்ட்ரோபிய வச்சு எப்படிம்மா கண்டுபிடிப்ப?

செல்வி: ரயில் வரட்டும், ஸ்டான்லி.

ஸ்டான்லி: வைகை அரை மணி நேரம் லேட்டாம். சொல்லு.

செல்வி: சேந்தா என்ட்ரோபி, அதான் உள்ள இருக்கற ஒழுங்கில்லாமையோட அளவு, கூடும். குறையவே குறையாது. சேர வர்ற கருந்துளைலயே அது எக்கச்சக்கமா இருந்தா, ஏற்கெனவே ஒருதடவ வேற ஒண்ணோட சேந்தது. நட்சத்திர நெரிசல்ல உருவானது. கம்மியா இருந்தா ஜோடியாவே பொறந்தது.

ஸ்டான்லி: நெரிசல்னா... நம்மூரு பிரியாணிக் கடைல நிக்கற கூட்டமாட்டமா?

செல்வி: சிரிக்க வைக்காத. ...நான் ரயில் ஏறல.

ஸ்டான்லி: என்ன சொல்ற? நாளைக்கு உன் பிஎச்டி வைவா.

செல்வி: போகல. தீசிஸ்ல தப்பு இருக்கு. நேத்துதான் பாத்தேன்.

ஸ்டான்லி: ...எங்க?

செல்வி: ரொம்ப தூரத்துல ரெண்டும் சேர்ற சிக்னல் இங்க வந்து சேரும்போது கருந்துளையோட எடை கூடுதலாத் தெரியும்ல. அந்தக் கூடுதலக் கழிக்கற ஒரு வரிய புரோகிராம்ல விட்டுட்டேன். எடை கூடுனதால எல்லாத்துக்கும் என்ட்ரோபியும் கூடிப்போச்சு. நெரிசல்ல உருவானதுன்னு நான் சொன்னது எதுவும் நிக்காது. ஆறு வருசம்... ஒண்ணுமே மிச்சமில்ல.

ஸ்டான்லி: இந்தா, மொதல்ல தண்ணி குடி.

செல்வி: உனக்குத் தூக்கிப் போடலியே.

ஸ்டான்லி: செத்த நேரம் உக்காரு.

செல்வி: உனக்குத் தெரியுமா?

ஸ்டான்லி: ரெண்டு வருசமா. உன் பேப்பர ஏத்துக்கிட்டோம்னு மெயில் வந்துச்சுல்ல... அன்னிக்குச் சும்மா சரி பாத்தேன்.

செல்வி: ஏன் சொல்லல?

ஸ்டான்லி: எப்படிச் சொல்ல? அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரில, சாகக் கெடந்த அத்தைக்குச் சர்ச் சாமியார் அவஸ்தை எண்ணெய் பூசிட்டு அப்பத்தான் போறாரு. நீ அவங்க காதுல குனிஞ்சு, "அம்மா, நான் ஜெயிச்சுட்டேன்"னு சொன்ன. மூணு நாளாக் கண்ணு முழிக்காத மனுசி சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரியே போயிட்டாங்க. அப்புறம்... நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு... நான் கோழை, செல்வி. மன்னிச்சிரு.

செல்வி: மன்னிப்பெல்லாம் கேக்காத.

ஸ்டான்லி: எல்லாம் போனாலும் அந்தச் சிரிப்பு இருக்குல்ல. நீ நம்பித்தான சொன்ன.

செல்வி: இல்ல. நேத்துதான் பாத்தேன்னது பொய். அன்னிக்குக் காலைலயே நானும் அந்தத் தப்பப் பாத்துட்டேன். தெரிஞ்சுதான் அம்மா காதுல சொன்னேன்.