சன்னல் துடைத்த துணி

"கடைக்காரருகிட்ட போயி சன்னல் தொடச்ச துணிய விரிச்சிக் காட்டிட்டியே, எனக்கு மானமே போச்சு."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அவர் மடியில் காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் ஒன்று புதுப் பெட்டியோடு இருந்தது.

"காட்டாம எப்பிடிங்க? நீங்க பளபளன்னு இருக்கறத எடுத்துக்கினு வந்திருப்பீங்க. நம்ம வீட்டுக்கு ரோட்டுப் புழுதியும் வருது, ரைஸ் மில்லுப் புகையும் வருது. துணியப் பாத்துட்டுதான், தூசிக்கு ஒரு பில்டரு, புகைக்குக் கரி பில்டரு, ரெண்டும் உள்ளதா குடுத்தாரு."

"வீடு பூராவும் சுத்தமாவுமா?"

"ஆவாது. பாப்பா படுக்கற ரூமுக்குப் போதும். கதவ மூடி வெக்கணும், பில்டர அப்பப்ப மாத்தணும். டாக்டர் குடுத்த மருந்தயும் நிறுத்தக் கூடாது."

மூச்சிரைப்புத் தொந்தரவால் அவர்களுடைய மகள் மரக்காணத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. சற்று நேரத்தில் அந்தப் பெண்மணி மகளுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அந்த மெஷினு சத்தம் போடுமா?"

"கொஞ்சம் போடும்மா. ராத்திரியெல்லாம் ஓடும்ல."

"போட்டா போட்டும்பா. எப்ப வந்து என்னக் கூட்டிக்கினு போறீங்க?"

"இந்த ஞாயித்துக்கெழமையே வர்றேன்மா" என்றவர், பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார். அவர்கள் இறங்கவேண்டிய கூட்டேரிப்பட்டு வர இன்னும் நேரமிருந்தது.