எலுமிச்சம்பழ வரவு

தீயில கை வச்சவனுக்குக் கொப்புளம், கோயில் கணக்குல கை வச்சவனுக்கு… அப்புறம் என்னமோ வரும் பாய். எங்க தோட்டத்துல வேல வாங்குன பழைய மண்டோர் அடிக்கடி சொல்வாரு. காலையிலேருந்து அந்த மிச்சத்தத்தான் தேடிக்கிட்டிருக்கேன், வர மாட்டேங்குது. நல்ல வார்த்தையா இருந்தா ஞாபகம் வந்திருக்கும்ல?

கோப்பி வேணாம் பாய், நேரமில்ல. பதினோரு மணிக்கு வரி ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்காங்க. இப்ப ஒம்பதே முக்காலா? உங்க கடியாரம் சரியா ஓடுதா? சுங்காய்லேருந்து மொத பஸ்ஸப் புடிச்சு ஈப்போ வந்தேன். கௌஸ் பாய்னு ஒருத்தரு, ஆபீசுக்கு எதுத்தாப்புல கடை வாசல் அஞ்சடியில மேச போட்டு டைப் அடிப்பாரு, அவரு அடிச்ச மலாய்க் கடுதாசியப் பாத்தா ஆபீசரே எந்திரிச்சு நிப்பாருன்னு சொல்லி அனுப்புனாங்க. சிரிக்காதீங்க லா.

கடுதாசி ஒண்ணும் பெருசில்ல, நாலு வரி. நான் பத்துமலை, தோட்டத்து மாரியம்மன் கோயில் சபையோட பொருளாளரு, எங்க கணக்குப் புக்கக் கரையான் தின்னுருச்சு, மன்னிச்சுக்குங்க. அவ்ளோதான். தலைவரு உடையப்பன் அண்ணே சொல்லிக் குடுத்தது. எழுதிக் குடுத்துட்டு வாடா, கரையானக் கூப்புட்டா விசாரிக்கப் போறாங்கன்னாரு.

பையிலயா? அது… துணிமணி.

சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போவுது. புக்குதான். ஒரு ஏடு கிழியல. வீட்டுல வச்சுட்டு வரவும் பயம், கொண்டு வரவும் பயம். மடியில வச்சுக்கிட்டு கம்பார் தாண்டுற வரைக்கும் மூச்சு விடல.

அப்படிப் பாக்காதீங்க பாய். நான் ஒரு காசு எடுக்கல. அதான் பெரிய பயமே. எடுத்திருந்தா திருப்பி வச்சிரலாம்ல?

விசயம் இதுதான். தோட்டத்தத் துண்டு போட்டு விக்கிறாங்க. கோயில் நிக்கிற அர ஏக்கர சபை பேருக்கு எழுதித் தர்றேன்னு வாங்குற சீன மொதலாளி, அந்தத் தவுக்கே, ஒத்துக்கிட்டாரு. ஆனா சபை பதிவு ஒழுங்கா இருக்கணும், கணக்குக் காட்டியிருக்கணும்னுட்டாரு லாயரு. நாங்க எங்க வருசா வருசம் காட்டுனோம்? ஆறு வருசத்துக் கணக்கையும் ஒண்ணா எழுதி அனுப்புனோம். புக்கக் கொண்டாங்கன்னு வரி ஆபீஸ்லேருந்து சூராட்டுக் கடுதாசி வந்துருச்சு. அனுப்புன கணக்குல ஒம்பதாயிரம் வெள்ளி வரவு. செலவு மூவாயிரம். பேங்குல ரெண்டாயிரத்து சொச்சம். மிச்சம் எங்க? கோயிலுக்குச் செலவானா வரி கிடையாதாம். இல்லன்னா யாரு கையில இருக்கோ அது அந்த ஆளோட வருமானமாம். வரி, அபராதம், கோர்ட்டு. கோயில் பதிவையும் வெட்டிருவாங்களாம். போன வாரம் அந்த ஆபீசரு, உக்காருங்க என்சிக்னு எவ்ளோ மரியாதையாச் சொன்னாரு தெரியுமா? சத்தம் போட்டிருந்தாக்கூட இவ்ளோ பயந்திருக்க மாட்டேன்.

காசு எங்கயும் போகல பாய். வரவே இல்ல. அத மலாய்ல எப்படிச் சொல்றது?

உங்களுக்கு இது புதுசா இருக்கும். திருவிழா முடிஞ்ச மறுநா, அம்மன் காலடியில வச்ச ஒம்பது எலுமிச்சம்பழத்தையும் மைக்குல ஏலம் விடுவோம். பசார்ல பத்து காசுப் பழம்தான். கேக்குறவன் பழத்தையா கேக்குறான்? கேசு ஜெயிக்கணும், செவப்பு ஐசி போயி குடியுரிமையோட நீல ஐசி ஆவணும், சீக்கு தீரணும். வீரம்மா அக்கா, ரப்பர் மரத்துல பால் வெட்டுற பொம்பள, மகனுக்காக நூத்தியொண்ணு வெள்ளின்னு கேட்டுச்சு. அது மாசச் சம்பளமே அவ்ளோதான். உடையப்பன் அண்ணே ஆயிரத்தொண்ணு. பேரச் சொன்னதும் கொட்டு, மால, கைதட்டு. காசு அடுத்த திருவிழாவுக்குள்ள கட்டுனாப் போதும். கட்டுறவங்க கட்டிருவாங்க. கட்டாதவங்கள யாரு போய்க் கேக்குறது? பாக்கின்னு எழுதுனா பொதுக்கூட்டத்துல பேரோட வாசிக்கணும். மானம் போயிரும்ல? அதனால பழம் போன அன்னிக்கே வரவுன்னு எழுதிருவேன். எப்படியும் ஒருநா வந்துரும்ங்கிற நம்பிக்கதான்.

தணிக்கையா? இருந்தாங்க லா, ரெண்டு பேரு. சபைத் தேர்தல்ல தோத்தவங்க மொகத்தத் தூக்கிக்கக் கூடாதுன்னு குடுக்குற பதவி அது. புக்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க.

பேருங்கள எழுதிக் குடுத்துர வேண்டியதுதானேன்னா… சொல்லிப் பாத்தேன். எழுது, அப்புறம் உன் வீட்டுச் சாவுக்கு எவன் வர்றான்னு பாக்குறேன்னாரு உடையப்பன் அண்ணே. வீரம்மா அக்கா வீட்டுக்கே வந்துருச்சு. தம்பி, என் மகனுக்கு நீல ஐசி கெடச்சிருச்சு, நான் காசு கட்டலன்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா அதப் புடுங்கிருவாங்களான்னு கேட்டு அழுவுது.

பேப்பரச் சொருகாதீங்க, கொஞ்சம் இருங்க. சொருகிட்டீங்களா. மணி என்ன, பத்தே காலா?

என்ன கேட்டீங்க? மொத மொதல்ல வரவுன்னு எழுதச் சொன்னது யாருன்னா?

யாரும் சொல்லல.

எழுபத்தஞ்சுலதான் புக்கு என் கைக்கு வந்துச்சு. முன்னால இருந்தவரு பாக்கின்னுதான் எழுதுவாரு, வாசிக்கவும் செய்வாரு, யாரு மொறைச்சாலும் சரி. அந்த வருசம் மொதப் பழம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருசம், புள்ள இல்ல. என் சம்சாரம் நவமணி பொம்பளைங்க பக்கத்துலேருந்து என்னயே பாத்துக்கிட்டிருந்தா. எழுநூத்தியொண்ணுன்னு கத்திட்டேன். மறு வருசமே பொண்ணு பொறந்தா. பால்மாவு, டாக்டரு, அது இதுன்னு காசு சேரவே இல்ல. கட்டியாச்சான்னு நவமணி கேட்டா. கட்டிட்டேன்னேன். அவ நம்பணும்ல, புக்கத் தொறந்து வரவுன்னு எழுதிக் காட்டுனேன். அந்த ஏட்டக் கமிட்டில பாத்துட்டு, உனக்கு எழுதிக்கிட்டீல்ல, எங்களுக்கும் எழுதுன்னாங்க. எந்த வாய வச்சு மாட்டேங்கிறது?

கோர்ட்டுக்குப் பயப்படுறேன்னு நெனச்சீங்களா? அது பாதிதான் பாய். பொண்ணுக்கு இப்ப அஞ்சு வயசு. லேசா மேல் சுட்டாக்கூட நவமணி அதத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவா. நான் ஓட மாட்டேன். உள்ள போயி இந்தப் புக்கத் தொறந்து அந்த வரியவே பாத்துக்கிட்டு நிப்பேன். எழுநூத்தியொண்ணு, வரவு. என் கையெழுத்து. கீழ கோயில் முத்திர, சாப்பு.

மணி ஆவுது. அந்தப் பேப்பர உருவிட்டு வேற பேப்பர் போடுங்க பாய். மேல, ஏலத்துல பழம் எடுத்துக் காசு கட்டாதவங்கன்னு அடிங்க. மொத்தம் பதினாலு பேரு, வரிசையாச் சொல்றேன். நம்பர் ஒண்ணு, பத்துமலை.