நாற்பத்தொரு சிவப்புப் பொட்டுகள்

— ஸ்பனரைக் கீழ வை சுதர்ஷி. நாளைக்குத் திறப்பு விழா. இண்டைக்கு நீயே வந்து உன்ட வாங்கைக் கழட்டுறாய். வெயில் தலைக்கு ஏறிட்டா?

— வாங்கைக் கழட்டேல்லை, ஹுஸ்னியா. இருக்கையளுக்கு நடுவில நிக்கிற இந்த இரும்புக் கையளை மட்டும். கைக்கு நாலு நட்டுத்தான். துண்டு துண்டாப் பூட்டவும் கழட்டவும் எண்டுதானே இதின்ர பிளானைக் கீறினனான்.

— என்ட தேத்தண்ணிக் கடைக்கு முன்னால கைய காணல்ல எண்டா, ஒப்பிஸ்காரன் என்னத்தான் கேப்பான்.

— சுதர்ஷிகா கழட்டினவ எண்டு சொல்லு. வேலை போனாப் போகட்டும்.

— அல்லாஹ்வே! மூணு வருஷம் இந்தப் படகு ஜெட்டியடிக்காக அலஞ்ச நீ. நாய் படுத்த இடம் புள்ள இது. இப்ப பாரு, பஸ்ஸுக்கு நிக்கிற பொம்புளையள் புள்ளைகளோட குந்தி இரிக்காங்க. அந்தக் கை உன்ன என்ன செஞ்ச?

— அது ஆரையும் படுக்க விடாது. அதுக்குத்தான் வச்சனான்.

— சனம் கேட்டதத்தானே செஞ்சாய்.

— சனம் கேக்கேல்லை. நான் கேக்க வச்சனான். உன்ர கடை வாசல்ல மூண்டு நாள் படங்கள் ஒட்டின பலகை வச்சது நினைவிருக்கே? பிடிச்ச படத்துக்குப் பச்சை, பிடிக்காததுக்குச் சிவப்பு.

— மறப்பனா? ஸ்டிக்கர் வரல்ல எண்டு பேன்சிக் கடையில ஒட்டுப்பொட்டு வாங்கி வந்தாய். மீன்கார நுஸ்கி ஒண்ட நெத்தியில ஒட்டிட்டு நாள் முழுக்கத் திரிஞ்சான்.

— அதில ஒரு படம், இஞ்ச முந்தி இருந்த சீமெந்துக் கட்டு மேல ஒரு மனிசன் படுத்திருக்கிறது. எப்பிடி ஒட்டுறது எண்டு காட்ட, முதல் சிவப்பை அதில நான்தான் ஒட்டினனான். பிறகு எல்லாரும் அதிலயே ஒட்டிச்சினம். நாப்பத்தொண்டு. அதை ஒப்பிஸில கொண்டுபோய்க் காட்டித்தான் இந்தக் கைக்குச் சம்மதம் எடுத்தனான்.

— சரி, அதுக்கு இப்ப என்ன?

— படம் எடுக்கேக்கயே அது ஆரெண்டு எனக்குத் தெரியும்.

— நில்லு, பால் பொங்குது.

— என்ர அப்பா, ஹுஸ்னியா. நாலு வருஷத்துக்கு முன்னம், குடிச்சுப்போட்டு வந்தார் எண்டு வீட்டால போகச் சொன்னனான். காலைக் கண்ட உடன தெரிஞ்சுது. சின்ன விரல் இல்லை, ஹாபரில கப்பல் சங்கிலி விழுந்து போனது. தெரிஞ்சும் எடுத்தனான். நல்ல படம் எண்டு கூட நினைச்சனான்.

— கிறிஸ்தோபர் அங்கிள எனக்குத் தெரியாதா? ஒண்டாப் படிக்கக்குள்ள எத்தின நாள் உங்கட குசினியில சாப்பிட்டிரிக்கன். அவர் இங்க படுத்த நாளெல்லாம் விடிய என்ட முதல் தேத்தண்ணி அவருக்குத்தான்.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே நீ.

— சொல்ல வேணாம் எண்டார்.

— இப்ப எங்க?

— கை பூட்டின அண்டைக்கு வந்தார். ஆட்டிப் பாத்தார். ‘நல்ல வேலை, அசையேல்லை’ எண்டார். இருந்தபடி நித்திரை கொள்ளப் பாத்தார், ஏலல்ல. அடுத்த நாள் கிளிவெட்டிக்கு பஸ் ஏறினார். வயல் காவலாம்.

— வருவாரே?

— தெரியா.

— அந்தப் பலகை என்ர அறையிலதான் கிடக்கு. சனம் எல்லாம் படத்தின்ர ஓரத்தில ஒட்டியிருக்கு. ஒரு ஆள் மட்டும் நாலு பொட்டை அடுக்கி, சரியா முகத்தில. கண்ணும் தெரியாது, மூக்கும் தெரியாது. அப்பாவை அவ்வளவு வெறுத்தது ஆர் எண்டு யோசிச்சுக்கொண்டே கிடக்கிறன்.

— ஸ்பனரைத் தா. நீ கைய பிடி, நான் கழட்டுறன்.

— நீ கண்டனீதானே? ஆரடி அது?

— முதல் நாள் நீ போன பிறகு அங்கிள்தான் வந்தார் புள்ள. பலகைக்கு முன்னால கனநேரம் நிண்டார். பிறகு என்னட்ட நாலு சிவப்புக் கேட்டு வாங்கினார். ‘முகம் தெரியக்கூடாது பிள்ளை. சுதர்ஷி நாளைக்கும் இதுக்கு முன்னால நிண்டெல்லோ கதைக்க வேணும்’ எண்டார்.