கட்டி வைத்த ஒப்பாரி

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் தணிந்த குரலில்தான் பேசினாள். காதை மூடிக்கொள்ளும் உத்தேசம் எனக்கில்லை.

"எங்க மாமியாளுக்குக் கட்டி வச்சிருந்த ஒப்பாரிய அவுங்களே கேட்டுட்டாங்கக்கா."

"அடிப் பாவி! உசுரோட இருக்கறவங்களுக்கா?"

"டாக்டர் கைய விரிச்சிட்டாருக்கா. மாமனார் செத்தப்ப எனக்கு ஒப்பாரி வைக்கத் தெரியல. மரமாட்டம் உக்காந்திருந்தாளேன்னு நாத்தனா ஊரெல்லாம் சொன்னா. இந்த வாட்டி பேச்சு வாங்கக் கூடாதுன்னு, முந்திரிக்கொட்ட ஒடைக்கும்போதெல்லாம் பாடிப் பாத்தேன். அவுங்க உள்ள தூங்குறாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"நாலே நாள்ல எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டாங்க."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே. 'பெத்த தாயவிட ஒசத்தின்னு பாடுனியே, பதினஞ்சு வருசத்துல ஒரு வாட்டியாவது இத என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா'ன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க."

"நீ என்னடி சொன்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னத்தச் சொல்ல? நாத்தனா காதுல விழத்தான் அப்புடிக் கட்டுனேன்னு சொல்ல முடியுமாக்கா?"