சூளை ஆறும்வரை

— கதவுல கை வைக்காதீங்க. உள்ளே இன்னும் இருநூறு டிகிரி இருக்கு.

— லேசா ஒரு விரக்கடை திறந்து பாத்துட்டு…

— காத்து பட்டா சிலை விரிசல் விட்டுடும். இருபது வருஷமா கப்பு, தட்டு, ஜாடின்னு பண்ணிட்டு இப்பத்தான் முதல் சிலை. நாளைக்குக் கண்காட்சி. என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க.

— சரி, சரி…

— காலையிலேர்ந்து குட்டி போட்ட பூனை மாதிரி சூளையையே சுத்துறீங்க. உக்காருங்க, காபி ஆறுது.

— இது என்ன கப்பு, இப்படிக் கோணிட்டு நிக்குது? உன் வகுப்புல யாராவது பண்ணதா?

— புதுசா ஒருத்தர்.

— கைப்பிடியில விரலே நுழையல. பாவம், வேற வேலை பாக்கச் சொல்லு.

— சொல்றேன்… நீங்க சொன்னதாவே சொல்றேன்.

— ஏம்மா… காலையில போன்ல சொல்லிட்டிருந்தியே, ஈர மண்ணு சூளைக்குள்ள போனா வெடிக்கும்னு…

— ஆமா. பக்கத்துல இருக்கறதையும் சேத்து உடைச்சிடும். ஏன்?

— சும்மா… பொது அறிவு.

— முழியே சரியில்லையே.

— திட்ட மாட்டேன்னு சொல்லு.

— திட்டுவேன். சொல்லுங்க.

— போன வாரம் சூளையில பாதி அடுக்கிட்டு நீ கடைக்குப் போனியே… சிலைக்குப் பின்னாடி நானும் ஒண்ணு சொருகிட்டேன்.

— என்னத்தை?

— ஒரு கப்பு. நானே செஞ்சது. ஊருக்கெல்லாம் நீ கப்பு பண்ணித் தர்றே, உனக்குன்னு ஒருத்தரும் பண்ணதில்ல. கல்யாண நாளுக்குக் குடுக்கலாம்னு…

— எத்தனை நாள் காய வெச்சீங்க?

— காய வெக்கறதா? கையிலேர்ந்து நேரா உள்ளேதான். உன் சிலை போச்சு, நான்தான் கெடுத்துட்டேன்… ஏய், நீ அழறியா, சிரிக்கிறியா?

— ரெண்டும்தான். அந்தக் கப்பைக் குடிச்சு முடிச்சுட்டு அடியில பாருங்க.

— இதையா? இரு… இது நம்ம கல்யாண வருஷம். ஆணியால நான் கீறினது. ஆனா நான் செஞ்சது இன்னும் பெரிசாச்சே…

— மண்ணு சுட்டா சுருங்குங்க. அதான் உங்களுக்கே அடையாளம் தெரியல. அன்னிக்கே பாத்து எடுத்துட்டேன். நாலு நாள் காய வெச்சு, நீலம் பூசி, சின்ன சூளையில சுட்டேன். உங்களால சிலைக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப என் கப்பைக் குடுங்க, கழுவணும். நாளைக்கு சிலைக்குப் பக்கத்துல அதுவும் நிக்கப்போகுது, 'விற்பனைக்கு அல்ல'ன்னு சீட்டு ஒட்டி.